ஜன்னல் கட்டையில் ஒரு மஞ்சள் தோட்டா

ஓட்டர் ஏரிச் சாலை
29 ஆகஸ்ட் 1993

அன்புள்ள வெய்னோ அண்ணா,

நான் சுகம். உன் முழங்கால் கப்பல் படிகளோடு சமாதானமாகிவிட்டதா? உன் கப்பல் இப்போது எந்த ஏரியில் இருக்கிறதோ தெரியாது. வழக்கம்போல டெட்ராய்ட் கப்பல் தபாலுக்கே அனுப்புகிறேன். ஆற்றைக் கடக்கும்போது தபால் படகு வரும், நீங்கள் கயிற்றில் வாளியை இறக்குவீர்கள், இந்தக் கடிதமும் அதில் ஏறி உன்னிடம் வந்துவிடும்.

போன வாரம் நீ துறைமுகத்திலிருந்து போன் செய்தபோதே சொல்லியிருக்கலாம். உனக்குப் பின்னால் போனுக்காக நின்றவன் இருமிக்கொண்டே இருந்தான். அந்த இருமலுக்கு நடுவே சொல்கிற செய்தி இல்லை இது.

வியாழக்கிழமை நான் நூலகத்தில் இருந்த நேரம் யாரோ வீட்டுக்குள் புகுந்திருக்கிறார்கள். சாமான் அறை ஜன்னல் வழியாக. அம்மாவின் ரேடியோ போய்விட்டது, கார்லின் ரம்பம் போய்விட்டது, ஐஸ்பெட்டியில் இருந்த மான்கறி சாசேஜும் போய்விட்டது. ஷெரீபின் ஆள் வந்து பார்த்தான். "தனியாவா இருக்கீங்க மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டான். முதல் தடவை கேட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாம் தடவைதான் பயம் வந்தது. கார்ல் இறந்து, நான் விதவையாகி, இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இந்த வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று நான் பயந்தது இதுதான் முதல் முறை.

கார்லின் பன்னிரண்டு கேஜ் பம்ப் துப்பாக்கியை மேலிருந்து இறக்கியிருக்கிறேன். அதற்கு என்ன தோட்டா போடுவது? இத்தனை வருடம் புத்தகம் அடுக்கியவளுக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும்.

பிப்ரவரியில் உன் மகனை வீட்டை விட்டு அனுப்பிய பிறகு, அவன் பெயரைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாய். அதனால் எழுதவில்லை. மற்றபடி செய்தி எதுவும் இல்லை. ஏரியில் காற்று வந்தால் தொப்பி போட்டுக்கொள்.

அன்புடன் தங்கை,
எல்மா


கப்பலில், ஹ்யூரன் ஏரி
9 செப்டம்பர்

அன்புத் தங்கை எல்மாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்ததும் சுக்கான் அறையிலேயே படித்தேன். கேப்டன் திட்டினார். முழங்கால் என்னைவிட நன்றாக இருக்கிறது.

கவனமாகப் படி. பறவை ரவை வேண்டாம். கௌதாரி சுடுவதற்கு அது சரி. குளிருக்குத் தடிமனான கோட்டு போட்டவன் மேல் பட்டால் கோரமாகக் கிழிக்கும், ஆனால் அவன் நிற்காமல் வந்துகொண்டே இருப்பான். ஒற்றைக் குண்டும் வேண்டாம், அது உன் வீட்டைத் தாண்டிப் பக்கத்து வீட்டு இர்மா டெர்வோவின் சமையலறை வரை போகும். எல்லோரும் வாங்குவது இரட்டைச் சுழி மான் ரவை. அதுவும் நம் வீட்டின் அட்டைச் சுவர்களை வரிசையாகத் துளைத்துக்கொண்டு போகும். நீ நான்காம் எண் மான் ரவை வாங்கு. பட்டாணியைவிடச் சின்ன ரவைகள், ஒரு தோட்டாவில் இருபத்தைந்துக்கு மேல் இருக்கும். ஆளை நிறுத்தும், சுவருக்கு அப்பால் அவ்வளவு வேகம் இருக்காது.

இரண்டாவது. ரவை சிதறும், குறிபார்க்க வேண்டாம் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. ஒரு அறையின் நீளத்துக்குள் அது உன் உள்ளங்கை அகலம்கூட விரியாது. குறிபார்த்தே ஆக வேண்டும்.

மூன்றாவது. தோட்டாக்களைக் குழாய்க்குக் கீழே இருக்கும் சேமிப்பு அறையில் ஏற்றி வை, சுடும் குழாய் காலியாக இருக்கட்டும். யாராவது வந்தால் அவனைத் தேடிக்கொண்டு வீடு முழுக்க நடக்காதே. படுக்கையறைக் கதவை மூடு, கட்டிலுக்குப் பின்னால் உட்கார், ஷெரீபுக்குப் போன் பண்ணு, "துப்பாக்கி வச்சிருக்கேன்"னு கத்து. நூலகத்துக் குரலில் சொல்லாதே, கத்து.

கடைசியாக, சாமான் அறையில் இருக்கும் பழைய காபி டப்பாவிலிருந்து தோட்டா எடுக்காதே. அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. இருபது கேஜ் தோட்டா மஞ்சள், சின்னது. பன்னிரண்டு சிவப்பு. தெரியாமல் ஒரு மஞ்சள் உள்ளே போனால் நழுவிக் குழாய்க்குள் சிக்கிக்கொள்ளும். அதன் பின்னால் ஒரு சிவப்பைப் போட்டுச் சுட்டால் குழாய் உன் முகத்தில் வெடிக்கும். அப்பாவின் சட்டம் நினைவிருக்கிறதா? சிவப்புக்கு நடுவில் மஞ்சளைக் கண்டால் ஜன்னல் கட்டையில் நிறுத்தி வைக்க வேண்டும். அதைத் தப்பாகப் போட்டவர் தானே வந்து எடுக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. நான் பன்னிரண்டு வயதில் ஒன்றை ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன், வெட்கத்தில். அம்மா அதைச் சுற்றித் தூசி துடைத்தாள்.

ஜன்னல் கொக்கியைச் சரிசெய்.

அண்ணன்,
வெய்னோ


ஓட்டர் ஏரிச் சாலை
17 செப்டம்பர்

அன்புள்ள அண்ணா,

இருவரும் நலமாக இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே மேப்பிள் மரங்களின் நுனி சிவக்க ஆரம்பித்துவிட்டது.

ரூடியின் ஹார்டுவேர் கடைக்குப் போனேன். அவனை உனக்குத் தெரியுமே. கடையில் நாலு பேர் இருந்தால்தான் அவனுக்குப் பேச்சு வரும்.

"என்ன எல்மா, கரடியா, மானா?"

"வீட்டுக்கு."

"வீட்டையே சுடப் போறியா? கூரை ஒழுகுதுன்னா என்கிட்ட சொல்லு, தார்ப்பாய் தர்றேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவனே குரலைத் தாழ்த்தி, "உப்பு போட்டுக்கோ. எங்க மாமா ஆப்பிள் திருட வந்தவனுக்குக் கல்லுப்புதான் அடைச்சுச் சுட்டாரு. அவன் ஒரு வாரம் நின்னுக்கிட்டே சாப்ட்டான்" என்றான்.

நீ சொன்ன நான்காம் எண் மான் ரவையை வாங்கிவிட்டேன். துப்பாக்கியில் ஏற்றியும் வைத்துவிட்டேன், சாமான் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறது. ஆனால் உப்பு விஷயம் மனதிலேயே இருக்கிறது. உப்பு நிஜமாகவே வேலை செய்யுமா? இல்லாவிட்டால் முதல் தோட்டா மட்டும் பறவை ரவையாக இருந்தால் என்ன? வருகிறவன் பயந்து ஓட ஒரு வாய்ப்பு கிடைக்குமே. இரண்டாவதிலிருந்து நீ சொன்னது. சில பேர் அப்படித்தான் வரிசையாக ஏற்றுவார்களாம்.

ஜன்னல் கொக்கியை இன்னும் சரிசெய்யவில்லை. ஆள் வரவேண்டும்.

எல்மா


கப்பலில், டுலூத் துறை
28 செப்டம்பர்

எல்மாவுக்கு,

நலம். தாது ஏற்றிக்கொண்டிருக்கிறோம், எல்லாம் செம்மண் நிறம், என் காதுகூட.

உப்பு கதைக்கு நல்லது. தூரத்தில் ஒன்றும் செய்யாது, பக்கத்தில் கண்ணைப் பிடுங்கும், நடுவில் கார்லின் துப்பாக்கியைத் துருவேற்றும். ரூடியின் மாமா குடிகாரர், அவர் எதையும் சரியாகச் சுட்டதில்லை.

முதல் தோட்டா இளசாகவும் இரண்டாவது முற்றலாகவும் வைப்பதற்கு இது வெண்டைக்காய் இல்லை. ஒரு அறைக்குள் பறவை ரவையும் ஆளைக் கொல்லும். அவன் சாக மாட்டான் என்று நம்பி நீ சுலபமாகச் சுட்டுவிடுவாய், அதுதான் அதில் இருக்கும் மோசம். பயமுறுத்துகிற தோட்டா என்று ஒன்று கிடையாது எல்மா. கொல்லக்கூடிய தோட்டாதான் உண்டு. அதைச் செய்ய மனம் இல்லாவிட்டால் துப்பாக்கியையே தொடாதே, பின்வாசல் வழியாக இர்மா வீட்டுக்கு ஓடு. ஓடுவதில் வெட்கம் இல்லை.

இரண்டு கடிதத்திலும் நீ கேட்பது ஒரே கேள்விதான். திருடன் மேல் உனக்கு என்ன இவ்வளவு கரிசனம்? உன் நூலகத்தில் உறுப்பினரா?

கொக்கிக்கு எதற்கு ஆள்? ஒரு திருகாணி போதும்.

வெய்னோ


ஓட்டர் ஏரிச் சாலை
6 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

உடம்பைப் பார்த்துக்கொள். அந்தச் செம்மண் தூசு நுரையீரலுக்கு நல்லதில்லை.

திங்கட்கிழமை, நான் வேலையில் இருந்தபோது, மறுபடியும் வந்திருக்கிறார்கள். அதே ஜன்னல். இந்த முறை அரை ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் போயிருக்கின்றன. கத்தியைக் கழுவி வைத்திருக்கிறார்கள்.

துப்பாக்கி கதவுக்குப் பின்னால், நான் வைத்தபடியே நின்றது. அதற்குப் பக்கத்துத் தட்டில் ஒரு கிண்ணத்தில் சில தோட்டாக்கள் வைத்திருந்தேன், கை நீட்டினால் எடுக்க. உன் பேச்சைக் கேட்காமல் அந்தக் காபி டப்பாவிலிருந்தும் கொஞ்சம் கொட்டியிருந்தேன். கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை.

கிண்ணத்தில் இப்போது சிவப்பு மட்டும் இருக்கிறது. ஜன்னல் கட்டையில் ஒரு மஞ்சள் நிற்கிறது. நேராக, பித்தளை அடியில் இருக்கும்படி. நான் வைக்கவில்லை.

ஷெரீபுக்குப் போன் செய்யவில்லை.

வேறு விசேஷம் இல்லை. நேற்று முதல் உறைபனி விழுந்தது.

எல்மா


ஓட்டர் ஏரிச் சாலை
24 அக்டோபர்

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உன் கப்பல் ஆற்றைக் கடந்துவிட்டது என்று செய்தித்தாளில் பார்த்தேன். அப்படியானால் வாளி ஏறியிருக்கும். நீ நலமாக இருக்கிறாய், எழுதவில்லை, அவ்வளவுதான்.

நீ எழுதாதபோது நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். முதல் முறை என்னென்ன போயிற்று என்று எழுதினேனே, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். குளியலறை அலமாரியில் கார்லின் வலி மாத்திரைகள் இருந்தன, அவர் கடைசி மாதங்களில் சாப்பிட்டவை. அதுவும் போயிற்று. ஷெரீபின் ஆளிடமும் சொல்லவில்லை. சாமான் அறை ஜன்னலின் கொக்கியை வெளியிலிருந்து ஒரு தகட்டால் தூக்கலாம் என்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். நீயும் நானும் எத்தனை தடவை அப்படி உள்ளே வந்திருக்கிறோம்.

மரம் உருண்டு இடுப்பில் விழுந்ததிலிருந்து அவனுக்கு அந்த மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தான் அவனை வெளியே அனுப்பினாய். நான் உன்னைக் குற்றம் சொல்லவில்லை. அவன் உன் பணப்பையைத் தொட்டபோது நான் அங்கே இல்லை.

உன்னிடம் தோட்டா கேட்டபோது நான் யாரை நினைத்துக் கேட்டேன் என்று எனக்குத் தெரியும், தெரியாததுபோல இருந்தேன். கொல்லாத தோட்டா ஒன்றைச் சொல்வாய் என்று பார்த்தேன். நீ நேர்மையானவன், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லிவிட்டாய்.

நவம்பர் பாதியில் மான் வேட்டை தொடங்கும். பூட்டிக் கிடக்கும் இர்மாவின் காட்டுக் குடிசையில் புகை தெரிகிறது என்று அவளே சொன்னாள். வேட்டைக்காரர்கள் வருவதற்கு முன் ஏதாவது செய்ய வேண்டும்.

குளிர் வந்துவிட்டது. அந்தக் குடிசையில் அடுப்பு சரியாக இழுக்காது.

எல்மா


கப்பலில்
27 அக்டோபர்

எல்மா,

மஞ்சள் தோட்டா பற்றிய உன் கடிதம் பல நாளாகச் சட்டைப் பையில் இருக்கிறது. தினமும் சுக்கான் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தினமும் அதையே படிக்கிறேன். இன்னொரு கடிதம் வந்திருக்கலாம், இன்னும் கையில் கிடைக்கவில்லை.

அந்தத் துப்பாக்கியில் இருக்கும் தோட்டா எல்லாவற்றையும் வெளியே எடு. இன்றைக்கே.

அதை ஏற்றச் சொன்னது நான். எந்த ரவை, எத்தனை, எவ்வளவு தூரம், எல்லாம் எழுதினேன். குறிபார்த்தே ஆக வேண்டும் என்று எழுதினேன்.



வெய்னோ


ஓட்டர் ஏரிச் சாலை
8 நவம்பர்

அன்புள்ள அண்ணா,

நீ உட்கார்ந்துகொண்டு படி. எல்லோரும் நலம். எல்லோரும் என்றுதான் எழுதுகிறேன்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையே தோட்டாக்களை எடுத்துவிட்டேன். அவற்றைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. துப்பாக்கியில் இருந்தது, கிண்ணத்தில் இருந்தது, எல்லாவற்றையும் அந்த மஞ்சளுக்குப் பக்கத்தில் ஜன்னல் கட்டையில் வரிசையாக நிறுத்தினேன், வெளியிலிருந்து பார்த்தால் தெரியும்படி. ஜன்னல் கொக்கியை ஒரு திருகாணி போட்டு மூடிவிட்டு முன்கதவைத் திறந்து வைத்தேன்.

சனிக்கிழமை சவுனாவுக்கு, நம் நீராவிக் குளியல் அறைக்கு, தீ மூட்டினேன். ஈரக் கட்டையாகப் பார்த்துப் போட்டேன், புகை இர்மாவின் காடு வரைக்கும் தெரிய வேண்டும் என்று. சனிக்கிழமை சவுனாப் புகையைப் பார்த்து வருகிறவரை நம் வீட்டில் யாரும் திருப்பி அனுப்பியதில்லை. அது அவனுக்கும் தெரியும். அடுப்பில் நிசு ரொட்டி வெந்துகொண்டிருந்தது, ஏலக்காய் கொஞ்சம் அதிகமாகவே போட்டேன். நூலகத்தில் படித்ததெல்லாம் ஒன்றுக்கும் உதவவில்லை, இதுதான் தோன்றியது.

மதியம் மூன்று மணிபோல வாசற்படியில் பூட்ஸ் தட்டும் சத்தம் கேட்டது. பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருகிற திருடன்.

"அத்தை, சுட்டுறாதீங்க. நான்தான்."

"எதை வச்சுடா சுடறது? எல்லாம் ஜன்னல்ல நிக்குது."

"பாத்தேன். அதான் வந்தேன்." தாடி வளர்ந்து, கன்னம் ஒட்டி, உன் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றான். ஜன்னலையே பார்த்தான். "இத்தனை நிக்குதே அத்தை. இந்த வீட்டுல யாரு இவ்வளவு தப்பு பண்ணது?"

"அதுல மஞ்சள் மட்டும் நீ வச்சது."

"வச்சது நானு, தப்பு உங்களோடது. கண்ணாடி போடாம தோட்டா எடுப்பீங்களா? மூஞ்சி போயிருக்கும்."

"திருட வந்தவன் எனக்குப் பாடம் எடுக்கறியா?"

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. நான் ரொட்டியை வெட்டினேன். அந்த நேரத்தில் கைக்கு ஒரு வேலை வேண்டும்.

நான்கு துண்டு தின்ற பிறகு கேட்டேன். "போன மாசம் வந்தப்ப துப்பாக்கிய ஏன்டா விட்டுட்டுப் போன? ரேடியோவ விட அதுக்குத்தான கிராக்கி?"

"எடுத்தேன். வாசக்கதவு வரைக்கும் கொண்டு போனேன். அப்பறம் நீங்க இங்க தனியா இருக்கீங்கன்னு தோணுச்சு. யாராவது வந்தா என்ன பண்ணுவீங்க? திரும்ப வச்சுட்டேன்."

"யாருக்குப் பயந்து அதைக் கீழ இறக்கினேன்னு தெரியுமா?"

"தெரியும் அத்தை."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். சவுனாவில் வெகுநேரம் இருந்தான். நான் வெளியே பலகையில் உட்கார்ந்திருந்தேன். சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் நிற்கும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருந்தது, மறுபடியும் கேட்டதும் மூச்சு வந்தது.

வெளியே வந்ததும் அவனே சொன்னான், மார்க்வெட்டில் ஒரு சிகிச்சை இல்லம் இருக்கிறதாம், போகிறேன் என்று. "இடம் கிடைக்கற வரைக்கும் இங்க இருக்கட்டுமா? ஆனா துப்பாக்கி இங்க வேணாம். அதை வித்துருவேன்னு இல்ல. சில நாள் காலையில எந்திரிக்கும்போது நான் நல்லா இருக்கறதில்ல அத்தை. பக்கத்துல அது வேணாம்."

அண்ணா, நான் இரண்டு மாதமாகத் துப்பாக்கியைப் பற்றி யோசித்தேன். எனக்கு இது தோன்றவேயில்லை.

துப்பாக்கியை இர்மாவிடம் கொடுத்துவிட்டேன். குடிசைப் பூட்டை உடைத்ததற்கு அவன் அவளிடம் மன்னிப்புக் கேட்டான். "பூட்டு கிடக்கு, அடுப்புப் புகைபோக்கியச் சுத்தம் பண்ணிக் குடு"னு சொல்லிவிட்டாள். நாளை அவளுடைய வண்டியில் மூவரும் மார்க்வெட் போய்க் கேட்டு வருகிறோம்.

மஞ்சள் தோட்டா இன்னும் அங்கேயே நிற்கிறது. சட்டப்படி நான் எடுக்க வேண்டும். எனக்கு ஏனோ கை வரவில்லை. அந்த டப்பாவில் மஞ்சளைக் கலந்தது நான் இல்லை என்று மட்டும் தெரியும்.

அவன் உனக்கு எழுதலாமா என்று கேட்டான். முகவரி கொடுத்தேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை.

உன் தங்கை,
எல்மா


மார்க்வெட்
12 டிசம்பர்

அப்பா,

நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா? லெட்டர் எப்படி ஆரம்பிக்கறதுன்னு பக்கத்துக் கட்டில்காரன்கிட்ட கேட்டேன், அவன் இப்படித்தான் ஆரம்பிக்கணும்னான்.

இங்க வந்து ஒரு மாசம் ஆகப் போகுது. முதல் வாரத்தைப் பத்தி எழுத மாட்டேன். இப்ப சாப்பிடறேன், தூங்கறேன். சமையல்கட்டுல உருளைக்கிழங்கு உரிக்க விட்டிருக்காங்க. உங்க கப்பல் சாப்பாட்டைவிட மோசம்னு நெனைக்கறேன்.

பாட்டியோட ரேடியோ ஹான்காக்ல ஒரு கடையில இருக்கு. இர்மா அக்கா போய்க் கேட்டுட்டு வந்தாங்க, இன்னும் விக்கலையாம். வேலை கிடைச்சதும் மீட்டுருவேன். ரம்பம் போயே போச்சு.

ஒண்ணு சொல்லணும். துப்பாக்கியில என்ன ஏத்தியிருந்தீங்கன்னு அத்தைகிட்ட கேட்டேன். நாலாம் எண் மான் ரவைன்னு சொன்னாங்க. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டேன், சொல்லல. ரொட்டியத் திருப்பித் திருப்பி வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

எனக்குத் தெரியாதா அப்பா? இர்மா அக்கா வீட்டுச் சுவர் வரைக்கும் கணக்குப் போட்டு அதைச் சொல்ற ஆள் இந்த ஊர்ல வேற யாரு?

நீங்க சொன்னது சரிதான். தனியா இருக்கற பொம்பளைக்கு, அந்த அட்டைச் சுவர் வீட்டுக்கு, அதுதான் சரி. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதனால அதை நெனச்சுக் கஷ்டப்படாதீங்க. உங்களுக்கு எழுதணும்னு நெனச்சது இதுக்குத்தான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பாக்க விடுவாங்க. வரணும்னு இல்ல.

டேரில்


ஸ்டர்ஜன் பே கப்பல்துறை
14 ஜனவரி 1994

அன்புத் தங்கை எல்மாவுக்கு,

நலம். குளிர்காலத்துக்குக் கப்பலைத் துறையில் கட்டி நிறுத்திவிட்டோம். நாளை மறுநாள் பஸ் ஏறுகிறேன்.

டேரிலின் கடிதத்தைப் படித்தேன். சுக்கான் அறையில் என் இடத்தில் வேறொருவனை நிற்க வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய்க் காற்றில் நின்றேன், தொப்பி இல்லாமல். நீ திட்டலாம்.

பஸ் மார்க்வெட்டில் நிற்கும். ஞாயிறு மத்தியானம் அங்கே இறங்கிப் போகிறேன். போய் என்ன பேசுவேன் என்று கேட்காதே. உருளைக்கிழங்கு உரிக்கலாம், எனக்கும் அது தெரியும். அங்கிருந்து திங்கட்கிழமை உன்னிடம் வருகிறேன். பகலில், முன்வாசல் வழியாக.

ஆகஸ்டில் நீ கேட்ட கேள்விக்கு என் பதில் மாறவில்லை. அந்த வீட்டுக்கு நான்காம் எண்தான். ஆனால் துப்பாக்கி இர்மாவிடமே இருக்கட்டும். அவன் வீட்டுக்கு வந்து, ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, "அத்தைகிட்ட அது இருக்கட்டும் அப்பா"னு அவன் வாயால் சொல்லும் நாளில் பார்த்துக்கொள்ளலாம். அதுவரை கதவுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டுத் தருகிறேன், தினமும் மாலையில் இர்மாவோடு போனில் பேசு.

அந்தக் காபி டப்பா விஷயம். பிப்ரவரியில் அவனை வெளியே அனுப்பிய அன்று, அவன் பத்து வயதில் கௌதாரி சுடக் கற்ற அந்தச் சின்ன இருபது கேஜ் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் ரூடியிடம் விற்றுவிட்டேன். மிச்சமிருந்த தோட்டாக்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை. உன் வீட்டுக்கு வந்தேன், நீ வேலைக்குப் போயிருந்தாய். சாமான் அறைக்குப் போய், கையில் இருந்ததை எல்லாம் அந்த டப்பாவில் கொட்டி மூடினேன். சிவப்பு எது மஞ்சள் எது என்று பார்க்கவில்லை. அப்பாவின் மகன், நாற்பது வருடம் துப்பாக்கி பிடித்தவன், பார்க்கவில்லை. டப்பாவிலிருந்து எடுக்காதே என்று உனக்கு எழுதினேன், ஏன் என்று எழுதவில்லை.

சவுனாவுக்குக் கட்டை போதுமா? வருவதற்குள் வெட்டிவைக்காதே, நான் வெட்டுகிறேன்.

சிவப்புத் தோட்டாக்களை எல்லாம் பெட்டியில் எடுத்து வைத்துவிடு. மஞ்சளை மட்டும் விட்டுவிடு, சுற்றித் தூசி துடைத்தால் போதும். அதை எடுக்க வேண்டியவன் வந்துகொண்டிருக்கிறேன்.

அண்ணன்,
வெய்னோ